கட்டைவிரலுக்கு எட்டுமா மவுஸின் குறி?

கணினி விளையாட்டுகளில் பெரும்பகுதி மேசைக்காகப் பிறந்தவை. ஒரு கை கீபோர்டில், ஒரு கை மவுஸில், முகம் திரைக்கு இரண்டடி தூரத்தில். அதே விளையாட்டைக் கூடத்துச் சோபாவில் சாய்ந்துகொண்டு, இரு கைகளுக்குள் அடங்கும் ஒரு கன்ட்ரோலரால் ஆட முடியுமா? இந்தக் கேள்விக்குப் பலர் பலவிதமாக விடை சொல்லியிருக்கிறார்கள். அவற்றுள் மிகத் துணிச்சலானது, கட்டைவிரலால் சாய்க்கும் ஸ்டிக்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் விரலால் தேய்க்கும் ட்ராக்பேடை வைத்த விடை. அந்த எண்ணத்தோடு வால்வ் நிறுவனம் 2015இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ஸ்டீம் கன்ட்ரோலர் நான்கே ஆண்டுகளில் நின்றுபோனது. 2025 நவம்பரில் அதே நிறுவனம் அதே பெயரில் இன்னொரு கருவியை அறிவித்தது. அதிலும் ட்ராக்பேட் இருக்கிறது. முதலாவது தோற்றுப்போன எண்ணமா, காலத்துக்கு முந்தி வந்த எண்ணமா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை.

இடமும் வேகமும்

வாதத்தின் வேர் ஓர் எளிய வேறுபாட்டில் இருக்கிறது. மவுஸை ஓர் அங்குலம் நகர்த்தினால் திரையில் பார்வை அதற்குரிய அளவு திரும்பி நிற்கும். கை நின்றால் பார்வையும் நின்றுவிடும். ஸ்டிக்கோ, சாய்த்துப் பிடித்திருக்கும்வரை பார்வையைத் திருப்பிக்கொண்டே இருக்கும். எவ்வளவு சாய்க்கிறோமோ அவ்வளவு வேகம். முன்னது இடத்தைக் கட்டுப்படுத்துகிறது, பின்னது வேகத்தை. ஸ்டிக்கால் குறி வைப்பவர், எந்தத் தருணத்தில் அதை விட வேண்டும் என்ற கணக்கையும் சேர்த்தே போட வேண்டியிருக்கிறது.

இது விளையாட்டுக்காரர்கள் கண்டுபிடித்த உண்மை அல்ல. இலக்கு எவ்வளவு தொலைவில், எவ்வளவு சிறியதாக இருக்கிறது என்பதைப் பொறுத்துக் கை அதை அடையும் நேரம் மாறுவதைப் பால் ஃபிட்ஸ் 1954இலேயே ஒரு விதியாக வகுத்தார். 1978இல் ஸ்டூவர்ட் கார்டு, வில்லியம் இங்கிலீஷ், பெட்டி பர் மூவரும் அந்த விதியைக் கொண்டு மவுஸையும், வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு ஜாய்ஸ்டிக்கையும், அம்புக்குறி விசைகளையும் ஒப்பிட்டார்கள். திரையில் ஒரு சொல்லைத் தேர்ந்தெடுக்கும் வேலையில் மவுஸ் எல்லாவற்றையும் முந்தியது. கருவியின் குறை என்று சொல்ல அதிகமாக எதுவும் மிஞ்சவில்லை, மனிதக் கையின் எல்லையே மவுஸின் எல்லையாகவும் தெரிகிறது என்பது அவர்கள் எட்டிய முடிவு. அந்த ஜாய்ஸ்டிக் இன்றைய கன்ட்ரோலரில் உள்ள ஸ்டிக்கைப் போன்றதல்ல. விரலின் அழுத்தத்தை மட்டும் உணரும் அசையாத தண்டு. அதனால் அந்த முடிவை அப்படியே இன்றைக்கு ஏற்றிச் சொல்வது பிழை. ஆனாலும் பிற்காலத்து வாதங்கள் பலவும் அந்த ஒப்பீட்டின் நிழலில்தான் நடக்கின்றன.

விளையாட்டு உலகம் இதே முடிவுக்குத் தன் வழியில் வந்துசேர்ந்தது. 1996இல் வெளியான குவேக்கை ஆடியவர்களில் கீபோர்டை மட்டும் நம்பியவர்கள், மவுஸால் பார்வையைத் திருப்பியவர்களிடம் தொடர்ந்து தோற்றார்கள். ‘த்ரெஷ்’ என்று அறியப்பட்ட டென்னிஸ் ஃபாங் 1997இல் ஒரு குவேக் போட்டியில் வென்று, அந்த விளையாட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜான் கார்மக்கின் ஃபெராரி காரைப் பரிசாகப் பெற்றார். டபிள்யூ, ஏ, எஸ், டி விசைகளில் இடக்கை, மவுஸில் வலக்கை என்று இன்று எல்லோரும் இயல்பாகக் கொள்ளும் முறை பரவியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

கன்சோல்கள் வேறு பாதையில் போயின. இடது ஸ்டிக்கால் நடப்பது, வலது ஸ்டிக்கால் பார்ப்பது என்ற முறையை 2000இல் பிளேஸ்டேஷனுக்கு வந்த ஏலியன் ரிசரக்‌ஷன் கையாண்டபோது, அது ஆட்டத்தைக் கெடுக்கும் குறையாகவே விமர்சிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே ஹேலோ அதே முறையை உலகத்துக்கே பழக்கிவிட்டது. அதற்குத் திரைக்குப் பின்னால் ஒரு துணை இருந்தது. குறி எதிரியின் அருகே வந்ததும் திரும்பும் வேகம் குறையும்; சற்றே பிசகிய குண்டும் இலக்கை நோக்கி இழுக்கப்படும். குறி உதவி என்ற இந்த ஏற்பாடு இல்லாமல் இரட்டை ஸ்டிக் வென்றிருக்குமா என்பது சந்தேகமே.

ஒரு சிறு பரப்பின் கணக்கு

வால்வ் எடுத்துக்கொண்ட பொறுப்பு இங்கே தொடங்குகிறது. அது நடத்தும் ஸ்டீம் என்ற இணையக் கடையில் குவிந்திருந்த விளையாட்டுகளில் ஏராளமானவை மவுஸுக்கென்று எழுதப்பட்டவை. அவற்றுள் குறி உதவி கிடையாது, கன்ட்ரோலருக்கான வசதியே கிடையாது. உருவாக்கியவர்கள் எப்போதோ வேறு வேலைக்குப் போய்விட்ட பழைய விளையாட்டுகளும் அதில் அடக்கம். அவற்றைத் திருத்தி எழுதச் சொல்ல முடியாது. ஆகவே மவுஸாகவே நடிக்கக்கூடிய கன்ட்ரோலர் வேண்டும். 2013 செப்டம்பரில் அறிவிக்கப்பட்ட முதல் வடிவத்தில் இரண்டு வட்டமான ட்ராக்பேடுகளும் நடுவில் ஒரு தொடுதிரையும் இருந்தன. ஸ்டிக் ஒன்றுகூட இல்லை. 2014இல் தொடுதிரை போனது. ஏ, பி, எக்ஸ், ஒய் பொத்தான்கள் வழக்கமான அமைப்புக்கு வந்தன, இடப்பக்கம் ஒரு ஸ்டிக்கும் சேர்ந்தது. 2015 நவம்பர் 10இல் 49.99 டாலர் விலையில் அது கடைக்கு வந்தபோது, புரட்சியில் பாதி ஏற்கெனவே விட்டுக்கொடுக்கப்பட்டிருந்தது.

ட்ராக்பேடும் மவுஸைப் போல இடத்தைக் கட்டுப்படுத்துவது. விரல் நின்றால் பார்வை நிற்கும். ஆகவே கொள்கையளவில் அது மவுஸுக்கு ஈடு என்பது ஆதரவாளர்களின் முதல் வாதம். கொள்கை சரி, அளவுதான் இடிக்கிறது. ஒருவர் மவுஸை 30 செ.மீ. நகர்த்தினால் ஒரு முழுச் சுற்று திரும்பும்படி வைத்திருக்கிறார் என்று கொள்வோம். 1 மி.மீ.க்கு 1.2 பாகை. வால்வின் கையடக்கக் கணினியான ஸ்டீம் டெக்கில் உள்ள ட்ராக்பேடின் பக்க அளவு 32.5 மி.மீ. அதே விகிதத்தில் ஓரம் முதல் ஓரம் வரை தேய்த்தாலும் 39 பாகைதான் திரும்ப முடியும். முதுகுக்குப் பின்னால் நிற்கும் எதிரியைப் பார்க்க ஐந்து முறை தேய்க்க வேண்டும். ஒரே தேய்ப்பில் திரும்பியாக வேண்டுமென்றால் 1 மி.மீ.க்கு ஏறக்குறைய 5.5 பாகை வைக்க வேண்டும். அப்போது பத்து மீட்டர் தொலைவில் அரை மீட்டர் அகலத்தில் நிற்கும் உருவம், கட்டைவிரலின் அடியில் சுமார் அரை மில்லிமீட்டராகச் சுருங்கிவிடும். மவுஸ்காரருக்கோ அதே உருவம் 2.4 மி.மீ.

இந்தக் கணக்கைச் சமாளிக்க வால்வ் கண்ட வழி அழகானது. விரலால் பேடைச் சுண்டிவிட்டு எடுத்தால் பார்வை உடனே நிற்காது. உள்ளே ஒரு கனமான உருண்டை உருள்வதுபோல மெல்ல வேகம் குறைந்து நிற்கும். உருளும்போது பேடுக்கு அடியில் உள்ள அதிர்வான் டிக் டிக்கென்று நுண்மையாகத் தட்டும். வேகம் குறையக் குறையத் தட்டுகளுக்கு இடைவெளி கூடும். மறுபடி விரலை வைத்தால் உருண்டை அங்கேயே பிடிபட்டு நிற்கும். இல்லாத ஒரு பொருளின் எடையையும் உரசலையும் விரலுக்கு உணர்த்துகிற வேலை அது. 1980இல் மிசைல் கமாண்ட் விளையாட்டுப் பெட்டியில் உள்ளங்கையால் உருட்டிய டிராக்பால், வழுவழுப்பான ஒரு தட்டையான பரப்பில் மறுபிறவி எடுத்தது என்று சொல்லலாம். பெரிய திருப்பத்துக்குச் சுண்டுதல், நுண்ணிய குறிக்குத் தேய்த்தல்.

ஆனால் உடற்கூறு குறுக்கே நிற்கிறது. கட்டைவிரல் அடிமூட்டிலிருந்து வில்லாக வளைந்து நகர்வது. நேர்கோட்டில் இழுத்ததாக மனம் நினைப்பதைப் பேடு சாய்கோடாகப் பதிவு செய்யும். அந்தச் சாய்வைத் திருத்த மென்பொருளில் தனியாகவே ஓர் அமைப்பு வைக்க வேண்டியிருந்தது. ரவின் பாலகிருஷ்ணனும் ஸ்காட் மெக்கன்சியும் 1997இல் வெளியிட்ட ஆய்வு இங்கே கவனிக்கத்தக்கது. சுட்டுவிரல் தனியாக இயங்கும்போது மணிக்கட்டைவிடத் துல்லியமானது என்ற நம்பிக்கையை அது ஆதரிக்கவில்லை. கட்டைவிரலும் சுட்டுவிரலும் ஒன்றையொன்று அணைத்து இயங்கும்போதுதான் கை தன் உச்சத்தைத் தொட்டது. கன்ட்ரோலரைப் பிடித்திருப்பவரின் கட்டைவிரலோ துணையில்லாமல் தனித்து உழைக்கிறது. அந்த ஆய்வு ட்ராக்பேடு கன்ட்ரோலரைப் பற்றியது அல்ல. எனினும் வெறும் பழக்கத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்பவர்கள் அதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறார்கள்.

சுடாத விளையாட்டுகள்

விவாதம் எப்போதும் துப்பாக்கி விளையாட்டுகளிலேயே சிக்கிக்கொள்வது இந்தக் கருவிக்குச் செய்யும் அநியாயம். அதன் உண்மையான பலம் வேறிடத்தில் இருக்கிறது. சிவிலைசேஷன் போல முறை வைத்து ஆடும் உத்தி விளையாட்டுகளில் ஒரு நொடி தாமதத்தால் யாரும் சாவதில்லை; தேவைப்படுவது திரையின் எந்த மூலைக்கும் போகக்கூடிய ஒரு சுட்டி. ஸ்டிக்கால் சுட்டியை ஓட்டுவது பெரும்பாடு. ட்ராக்பேடில் அது மடிக்கணினியை இயக்குவதுபோல எளிதாகிவிடுகிறது. இடது பேடைக் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு கட்டளையை வைக்கலாம். விரல் கட்டம் மாறும்போது ஒரு தட்டு உணர்த்தும். பேடின் பரப்பைத் திரை மூலையில் உள்ள சிறு வரைபடத்தோடு மட்டும் பொருத்திவிடவும் முடியும். கன்ட்ரோலர் வசதியே இல்லாத விளையாட்டுகளைச் சோபாவுக்குக் கொண்டுவந்ததில் ட்ராக்பேடுக்கு நிகரான இன்னொரு கன்ட்ரோலர் வழி இதுவரை எழவில்லை என்பதே இக்கட்டுரையின் மதிப்பீடு.

கைரோ வந்து குறுக்கிட்டது

ட்ராக்பேடுக்கு எதிரான மிக வலுவான வாதம் ஸ்டிக் தரப்பிலிருந்து வரவில்லை. கருவிக்குள்ளேயே ஒளிந்திருந்த கைரோ என்ற சுழல் உணரியிடமிருந்து வந்தது. கன்ட்ரோலரையே சற்றுச் சாய்த்தால் பார்வையும் சாயும். நுண்ணிய குறியை மணிக்கட்டு பார்த்துக்கொள்ளும். 2015இல் வீ யூ கன்சோலுக்கு வந்த ஸ்ப்ளாட்டூன் இம்முறையைப் பெருந்திரளான ஆட்டக்காரர்களிடம் கொண்டுசேர்த்தது. ஸ்டீம் கன்ட்ரோலரில் வலது பேடைத் தொடும்போது மட்டும் கைரோ விழித்துக்கொள்ளும்படி அமைக்கலாம். விரலை எடுத்தால், மவுஸை மேசையிலிருந்து தூக்கி வைப்பது போல, கையை நடுநிலைக்குக் கொண்டுவந்துவிடலாம். நீண்ட நாள் பயன்படுத்தியவர்களிடையே பேடு பெரிய திருப்பத்துக்கு, கைரோ துல்லியத்துக்கு என்ற கூட்டணிதான் நிலைத்தது.

ஆனால் அந்தக் கூட்டணியே பேடின் தேவையைக் கேள்விக்குள்ளாக்கியது. துல்லியத்தைக் கைரோ தருமென்றால் பெரிய திருப்பத்துக்கு ஸ்டிக்கே போதாதா? நிரலாளர் ஜிப் ஸ்மார்ட் முன்வைத்த ஃபிளிக் ஸ்டிக் முறை அந்த வழியில் இன்னும் ஒரு படி போகிறது. ஸ்டிக்கை எந்தத் திசையில் தள்ளுகிறோமோ அந்தத் திசைக்குப் பார்வை நேராகத் திரும்பிவிடும். முதுகுக்குப் பின்னால் பார்க்க ஸ்டிக்கைக் கீழே தட்டினால் போதும். மேலும் கீழும் பார்ப்பதைக் கைரோ கவனிக்கும். 2022இல் ஃபோர்ட்நைட் கைரோவையும் இந்த முறையையும் சேர்த்துக்கொண்டது. வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவியாகவே இருந்த ஸ்டிக்கை இது திசை காட்டும் கருவியாக மாற்றிவிடுகிறது. மேலே போட்ட மில்லிமீட்டர் கணக்கு அதற்குப் பொருந்தாது. கைரோவை எழுப்புவதற்காக விரல் தொடுவதை உணர்வதுதான் பேடின் பங்கு என்றால், ஸ்டிக்கின் தலையிலேயே அந்த உணரியை வைத்துவிடலாம். ஸ்டீம் டெக்கில் வால்வே அதைச் செய்தது.

இந்த வாதத்துக்கும் ஓர் ஓட்டை உண்டு. கைரோவும் ஃபிளிக் ஸ்டிக்கும் பார்வையைத் திருப்பும் விளையாட்டுகளுக்கானவை. பொருள்களை இழுத்துப் போடும் பட்டியல், நூறு சிறு பொத்தான்கள் கொண்ட திரை, எழுத்துக்களைத் தேர்ந்தெடுக்கும் பலகை என்று வரும்போது சுட்டி மறுபடி தேவைப்படுகிறது.

அமைப்பது யார் வேலை?

எதிர்ப்பாளர்கள் பலர் பேடைக் குறை சொல்வதாக நினைத்துக்கொண்டு வேறொன்றைக் குறை சொல்லியிருக்கிறார்கள் என்பது கூர்ந்து பார்த்தால் தெரியும். ஸ்டிக் உள்ள கன்ட்ரோலரை இணைத்தால் விளையாட்டு உடனே ஓடும். பெரும்பாலும் எல்லாப் பொத்தான்களும் உருவாக்கியவர் நினைத்த இடத்தில் இருக்கும். ட்ராக்பேடு கன்ட்ரோலரில் அந்த முடிவுகள் ஆட்டக்காரர் தலையில் விழுந்தன. பேடு மவுஸா, ஸ்டிக்கா, டிராக்பாலா? உரசல் எவ்வளவு? ட்ரிக்கரைப் பாதி அழுத்தினால் என்ன, முழுக்க அழுத்திக் கிளிக் கேட்டால் என்ன? மற்றவர்கள் செய்து பகிர்ந்த அமைப்புகளை இறக்கிக்கொள்ளலாம் என்றது ஸ்டீம். அவற்றின் தரம் மேடும் பள்ளமுமாக இருந்தது. ஒருவர் கைக்குப் பொருந்திய வேகம் இன்னொருவர் கையில் தடுமாறியது.

இதைவிடத் தொல்லை தந்தது ஒரு சிறிய விஷயம். இடது ஸ்டிக்கால் நடந்துகொண்டு வலது பேடை மவுஸாக வைத்தால், விளையாட்டுக்கு ஒரே நேரத்தில் இருவகைச் செய்திகள் போகும். பல விளையாட்டுகள் ஏதாவது ஒன்றைத்தான் எதிர்பார்க்கும். கதவருகே நிற்கும்போது திரையில் “ஏ பொத்தானை அழுத்து” என்று வரும். கட்டைவிரல் அசைந்ததும் அது “இ விசையை அழுத்து” என்று மாறும். ஸ்டிக் அசைந்ததும் மறுபடி ‘ஏ’. ஒரு நொடிக்குள் பலமுறை இந்தப் படங்கள் துடிக்கும். சில விளையாட்டுகளில் மாறும் கணத்தில் நடையே தடைபட்டுவிடும். இதற்கு மாற்றாக முழுவதையும் கீபோர்டு-மவுஸாக அமைத்தால் ஸ்டிக்கின் மெல்லிய நடை வேகம் போய்விடும். முழுவதையும் கன்ட்ரோலராக அமைத்தால் பேடு ஒரு மோசமான ஸ்டிக்காகச் சுருங்கிவிடும். பேடைப் பற்றிய கசப்பான அனுபவங்களில் எவ்வளவு பங்கு இந்த மென்பொருள் மோதலுக்கு உரியது என்று பிரித்துச் சொல்வது கடினம். ஆனால் அது சிறு பங்காக இருக்க முடியாது.

இன்னொரு தரப்பு இந்தச் சார்பையே குறை சொல்கிறது. ஸ்டீம் ஓடாதபோது கருவி மவுஸும் கீபோர்டுமாக மட்டும் நடித்தது. முழுத்திறனும் ஒரே கடையின் மென்பொருளோடு கட்டப்பட்டிருந்தது. லினக்ஸ் உலகம் இதற்கு ஓரளவு விடை கண்டது. தனியாக இயங்கும் திறமூல மென்பொருள்கள் வந்தன; 2018இல் லினக்ஸ் கெர்னலின் 4.18 பதிப்பிலேயே இந்தக் கன்ட்ரோலருக்கான இயக்கி சேர்ந்தது.

2019 எதை நிரூபித்தது?

2019 நவம்பரில் உற்பத்தி முடிந்தது. மிச்சமிருந்தவை 5 டாலருக்கு விற்றுத் தீர்ந்தன. இதை ட்ராக்பேடின் தோல்விக்குச் சான்றாகக் காட்டுவது வழக்கம். அது அவசரமான முடிவு. ஸ்டீம் மெஷின் என்ற கூடத்துக் கணினித் திட்டத்தோடு சேர்ந்து பிறந்த கருவி இது. அந்தத் திட்டம் நிலைக்காதபோது துணையில்லாமல் நின்றது. பின்புறப் பொத்தான்கள் தொடர்பான காப்புரிமை வழக்கும் இருந்தது. 2021 பிப்ரவரியில் அமெரிக்க நடுவர் குழு ஒன்று வால்வ் 40 லட்சம் டாலர் தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்கில் பேச்சு முழுக்கப் பின்புறப் பொத்தான்களைப் பற்றியது, பேடைப் பற்றியது அல்ல.

மறுபக்கம், எண்ணம் வெற்றி பெற்றது, கருவி மட்டும் தோற்றது என்று ஆதரவாளர்கள் சொல்வதையும் முழுதாக ஏற்க முடியவில்லை. வெற்றி பெற்றது மென்பொருள்தான். 2016 இறுதியிலிருந்து ஸ்டீமின் அமைப்பு வசதிகள் பிளேஸ்டேஷன் கன்ட்ரோலருக்கும், பின்னர் மற்றவற்றுக்கும் திறந்துவிடப்பட்டன. ட்ராக்பேடுக்காகக் கண்டுபிடிக்கப்பட்ட பல உத்திகளை இன்று பேடே இல்லாத கன்ட்ரோலர்கள் அனுபவிக்கின்றன. பேடோ 2022இல் ஸ்டீம் டெக்கில் இரண்டு முழு ஸ்டிக்குகளுக்குக் கீழே, சிறிய சதுரமாகத் திரும்பி வந்தது. 2025இல் அறிவிக்கப்பட்ட புதிய கன்ட்ரோலரும் அப்படியே: காந்த உணரி கொண்ட இரண்டு ஸ்டிக்குகள், அவற்றுக்குக் கீழே இரண்டு பேடுகள். மாற்றாக வந்தது துணையாகி இருக்கிறது. போட்டி நிறுவனங்களின் கையடக்கக் கணினிகளில் லெனோவோவின் லீஜன் கோ ஒரு சிறு பேடை வைத்தது. ஏசுஸின் ஆர்ஓஜி அலை (ROG Ally) கருவியில் அது இல்லை. தொழில்துறை பின்தொடர்ந்தது என்று சொல்லும் அளவுக்கு எதுவும் நடக்கவில்லை.

இன்னும் திறந்திருப்பவை

முதலில் பழக்கத்தின் பங்கு. இருபது ஆண்டுகள் ஸ்டிக்கோடும் மவுஸோடும் வளர்ந்த கையை, இரண்டு வாரம் பழகிய பேடோடு ஒப்பிட்டு வந்த தீர்ப்புகளே நம்மிடம் அதிகம். அவற்றிலிருந்து கருவியின் எல்லையைப் பிரித்தறிய முடியாது. நீண்ட நேரம் தேய்ப்பதால் கட்டைவிரலின் அடிமூட்டுக்கு என்ன ஆகும், வியர்த்த விரலும் காய்ந்த விரலும் பேடை எவ்வளவு ஏமாற்றும் என்பவையும் இதே வகையில் அரைகுறையாகப் பேசப்பட்ட கேள்விகள். கையில் வலு குறைந்தவர்களுக்கு, ஸ்டிக்கைத் தள்ளிப் பிடிக்க வேண்டிய தேவையில்லாத பேடு எவ்வளவு உதவும் என்பது தனியே ஆராய வேண்டியது.

பழக்கத்தைப் பற்றிய விவாதத்தில் அதிகம் பேசப்படாத ஒரு சாட்சி இருக்கிறது. அது கணினிக்கு வெளியே, நம் பேருந்துகளிலும் தெருத் திண்ணைகளிலும் இருக்கிறது. பப்ஜி மொபைல், ஃப்ரீ ஃபயர், பிஜிஎம்ஐ போன்ற விளையாட்டுகள் வந்ததிலிருந்து, மவுஸையோ கன்ட்ரோலரையோ தொட்டறியாத ஒரு பெருங்கூட்டம் கண்ணாடியில் வலது கட்டைவிரலைத் தேய்த்துத்தான் குறி வைக்கிறது. அவர்களில் பலர் கைரோவையும் சேர்த்தே பயன்படுத்துகிறார்கள். விரல் நின்றால் பார்வை நிற்கிறது: ட்ராக்பேடின் அதே முறை. கட்டைவிரலால் இது ஆகாது என்ற கூற்றை இவர்கள் தினமும் மறுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆயினும் இந்தச் சாட்சியத்தையும் அளந்தே ஏற்க வேண்டும். போன் திரையின் வலது பாதி, 32.5 மி.மீ. சதுரத்தைவிடப் பெரியது, அங்கேயும் குறி உதவி உண்டு, எதிரில் இருப்பவரும் கண்ணாடியையே தேய்க்கிறார், மவுஸை அல்ல.

ஸ்டிக்கும் பேடும் ஒரே உடலில், ஒரே எடையில், ஒரே மென்பொருளின் கீழ் இருக்கும் கருவிகள் இப்போது கிடைக்கின்றன. மவுஸில் வளர்ந்தவர், ஸ்டிக்கில் வளர்ந்தவர், போன் கண்ணாடியில் வளர்ந்தவர் என்று மூவரிடமும் அவற்றைக் கொடுத்து, கைரோவை அணைத்து ஒருமுறை, ஏற்றி ஒருமுறை, சில மாதங்கள் இடைவிடாமல் அளந்து பார்த்தால்தான் பேடின் சொந்தப் பங்கு எவ்வளவு என்பது தெரியவரும்.